பெண்வழி தேடுவோருக்குப் பழைய திருமணப் பதிவேடு

எங்கள் அப்பத்தா பிறந்த வீட்டு வம்சாவளி நோட்டில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர் வரிசையாக இருக்கிறது. அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே சொல்தான்: ‘பாரியாள்’. சிலருக்குப் பெயராவது இருக்கிறது. அவள் யார் மகள், எந்த ஊரிலிருந்து வந்தாள், தாய் யார் என்று ஒருவருக்கும் ஒரு வரி இல்லை. கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தக் குறையைத் தீர்க்கும் ஏடு ஒன்றுதான் உண்டு, அது பங்குக் கோயிலின் திருமணப் பதிவேடு. (பங்கு என்பது ஒரு சாமியாரின், அதாவது குருவின், பொறுப்பில் இருக்கும் வட்டாரம்.) ஞானஸ்நான ஏட்டில் ஒரு பெண் குழந்தையாக வருவாள், பிறகு தன் பிள்ளைகளுக்குத் தாயாக வருவாள். அந்தக் குழந்தையும் அந்தத் தாயும் ஒருவரே என்று உறுதிசெய்யும் ஏடு திருமண ஏடு. அப்பத்தாவின் தாயைத் தேடிப் போனதில் நான் கற்றதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காலத்தைக் குறுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் ஆங்கில ஆண்டு சொல்ல மாட்டார்கள். அத்தையிடம் கேட்டபோது, “எங்க அம்மாச்சி கல்யாணம் விரோதிகிருது வருசம் தை மாசம்னு அம்மா சொல்லுவாங்கப்பா” என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அறுபது ஆண்டுச் சுற்றில் பிரபவ 1867-68 என்று வைத்து எண்ணினால், விரோதிகிருது 45ஆவது. அதாவது 1911 ஏப்ரலிலிருந்து 1912 ஏப்ரல் வரை. தை என்றால் 1912 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. திருச்சபையின் நாட்காட்டியும் இதோடு ஒத்துப்போகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தபசு காலத்திலும் ஆடம்பரத் திருமண ஆசீர் கிடையாது என்பது திரிதெந்தீன் பொதுச்சங்கம் வைத்த ஒழுங்கு. 1912-இல் உயிர்ப்புத் திருநாள் ஏப்ரல் 7, தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதன் பிப்ரவரி 21. ஆகவே மூன்று ராஜா திருநாளுக்கும் (ஜனவரி 6) விபூதிப் புதனுக்கும் இடையில் பார்த்தால் போதும். பழைய ஏடு எதைப் புரட்டினாலும் இந்தச் சில வாரங்களில் பதிவுகள் நெருக்கியடித்துக் கிடப்பதைக் காணலாம். வருஷப் பெயர் தெரியாத வீட்டில் பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய் எதையாவது பிடித்துக்கொண்டு கேளுங்கள். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று யாராவது சொன்னால் 1876-78 கைக்கு வந்துவிடும்.

அடுத்தது எந்தக் கோயில் என்பது. பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். இன்று பங்காக இருக்கும் ஊர் நூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கும். சாமியார் மாதம் ஒருமுறை மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துவிட்டு, எழுத வேண்டியதைத் தாய்ப்பங்கின் ஏட்டில்தான் எழுதியிருப்பார். கிளை பிரிந்து தனிப்பங்கு ஆனபோது பழைய ஏடுகள் கூடவே வருவதில்லை. ஆகவே கோயிலின் கல்வெட்டில் இருக்கும் கட்டட ஆண்டை நம்பிப் போகாமல், அந்த ஊர் எந்த ஆண்டில் தனிப்பங்கு ஆனது, அதற்கு முன் எதன் கீழ் இருந்தது என்று மறைமாவட்டக் (ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகளின் தொகுதி) கையேட்டில் பாருங்கள்.

மறைமாவட்ட எல்லைகளும் மாறிக்கொண்டே வந்தவை. 1886-இல் இந்தியாவுக்குத் திருச்சபை ஆட்சியமைப்பு நிறுவப்பட்டபோது திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம் மிகப் பெரிய பரப்பாக இருந்தது. 1899-இல் கும்பகோணம் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. 1923-இல் தூத்துக்குடி, 1930-இல் சேலமும் கோட்டாறும், 1938-இல் மதுரை, 1952-இல் தஞ்சாவூர் என்று வரிசையாக வந்தன. இதற்கு மேல் இரட்டை ஆட்சிச் சிக்கல் ஒன்று உண்டு. போர்த்துகல் அரசரின் பாதுகாப்புரிமையின் கீழ் வந்த கோவா குருக்களும், ரோமையின் நேரடி ஆணையில் வந்த சேசு சபையாரும் பாரிஸ் மறைபோதகரும் ஒரே வட்டாரத்தில், சில இடங்களில் ஒரே ஊரில்கூட, தனித்தனிக் கோயில் வைத்திருந்தார்கள். 1886-க்குப் பிறகும் சில கோயில்கள் போர்த்துகல் பாதுகாப்புரிமையில் இருந்த மயிலாப்பூர் ஆயரின் கீழேயே தொடர்ந்தன. தஞ்சை, நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கமெல்லாம் 1952 வரை மயிலாப்பூரின் ஆட்சிதான். ஆகவே ஒரு கோயிலின் ஏட்டில் குடும்பமே இல்லையென்றால், அதே ஊரின் மற்ற கோயிலைக் கேட்காமல் திரும்பக் கூடாது.

எங்கள் அப்பத்தா பிறந்த ஊர் தெரியும். அது அவருடைய அப்பாவின் ஊர். அந்தப் பங்கின் 1912 திருமண ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பொதுவாகப் பெண்ணின் பங்குச்சாமி முன்னிலையில்தான் திருமணம் நடக்க வேண்டும் என்பது அன்றைய சபைச் சட்டம். நம் ஊர்களில் மாப்பிள்ளை ஊரில் மந்திரித்த (சாமியார் ஆசீர்வதித்து நடத்திய) கல்யாணங்களும் ஏராளம். எங்கே நடந்தாலும் இரண்டு பங்கிலும் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்திருப்பார்கள். ஓலை நோட்டுப் புத்தகம் தப்பிப் பிழைத்த கோயில் என்றால் அதுவே வழி காட்டும். எனக்கு வழி காட்டியது அதைவிட உறுதியான ஒன்று, மாப்பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவு.

பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் (பயஸ்) காலத்தில், 1907 ஆகஸ்டில் ஓர் ஆணை வந்தது. 1908 உயிர்ப்புத் திருநாளிலிருந்து அது நடைமுறை. திருமணம் நடந்தால் திருமண ஏட்டில் எழுதுவதோடு நிற்காமல், மணமக்களின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் அதைக் குறிக்க வேண்டும். வேறு பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் அந்தப் பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஆகவே 1908-க்குப் பிறகு மணமான எவருக்கும், திருமணம் நடந்த கோயில் தெரியாவிட்டாலும், பிறந்த கோயில் தெரிந்தால் தேட இடம் இருக்கிறது. அப்பத்தாவின் அப்பா 1890 வாக்கில் பிறந்தவர். அவருடைய பதிவின் இடது ஓரத்தில், பிறகு வந்த ஒரு சாமியாரின் பொடிக் கையெழுத்தில், நாளும் பெண்ணின் பெயரும் வேறொரு பங்கின் பெயரும் இருந்தன. அந்த ஊர்ப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. நூறு வருஷமாகக் குடும்பம் மறந்திருந்த ஊரை ஓரக்குறிப்பு வைத்திருந்தது.

இப்போது ஏட்டின் மொழி. பழைய பதிவுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம். வாசகம் ஒரே அச்சில்தான் திரும்பத் திரும்ப வரும்: இன்ன நாளில், மூன்று ஓலை வாசித்து, தடை ஏதும் தென்படாமல், இன்னாரின் மகன் இன்னாரையும் இன்னாரின் மகள் இன்னாரையும் சாட்சிகள் முன்னிலையில் கீழே ஒப்பமிட்ட நான் இணைத்துவைத்தேன். ‘ஃபிலியுஸ்’ மகன், ‘ஃபிலியா’ மகள், ‘விதுவா’ கைம்பெண், ‘தெஸ்திபுஸ்’ என்பதன் பின்னால் வருபவர்கள் சாட்சிகள். தகப்பன் பெயருக்கு முன் ‘குவோந்தாம்’ என்று இருந்தால் அவர் அப்போது உயிரோடு இல்லை. இந்த ஒரு சொல் அவருடைய இறப்பு ஆண்டுக்கு மேல்வரம்பு கொடுத்துவிடும். தகப்பன் பெயரின் ஈறு மட்டும் மாறும்: பெத்ருஸ் என்பவரின் மகன் என்றால் ‘பெத்ரி’ என்றிருக்கும், பவுலுஸ் ‘பவுலி’ ஆவார். வேறு ஆள் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பெயர்களுக்குத் தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் ராயப்பன் என்று வழங்கியவரைச் சாமியார் பெத்ருஸ் என்று எழுதியிருப்பார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேஃபுஸ், முடியப்பன் ஸ்தெஃபானுஸ், பிலவேந்திரன் அந்த்ரேயாஸ், ஆசீர்வாதம் பெனதிக்துஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். எல்லாச் சாமியாரும் இப்படி மாற்றவில்லை. சிலர் தமிழ்ப் பெயரையே ரோமன் எழுத்தில் எழுதினார்கள். ஒரே ஏட்டில் சாமியார் மாறியதும் பெயர் எழுதும் முறையும் மாறுவதைப் பார்க்கலாம். எழுதியவர் பிரெஞ்சுக்காரர் என்றால் நம் ஊர்ப் பெயர்களில் வரும் உகரத்துக்கு ‘ஓ’, ‘யு’ என்று இரண்டு ரோமன் எழுத்து போட்டிருப்பார். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ஊர்ப் பெயர் புரியவில்லையென்றால் எழுத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் காதால் கேட்டே ஊரைச் சொல்லிவிடுவார்.

சாட்சிகளையும் எடைபோட வேண்டும். பக்கம் பக்கமாக ஒரே பெயர் சாட்சியாக வந்தால் அவர் பெரும்பாலும் உபதேசியார் (மறைக்கல்வி சொல்லித் தருபவர்) அல்லது கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்). உங்கள் குடும்பத்து ஆள் என்று அவரைச் சேர்த்துவிட வேண்டாம். அடுத்து நிற்கும் சாட்சி, அந்தப் பக்கத்தில் ஒரே ஒருமுறை வருபவர், பெண்ணுக்குத் தாய்மாமனாகவோ பெரியப்பாவாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அவர் பெயரைக் குறித்துக்கொண்டு அதே பங்கின் ஞானஸ்நான ஏட்டில் தேடினால் பெண்வீட்டாரின் அடுத்த கிளை திறக்கும்.

எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதிக்கு இப்போது வருகிறேன். நம் மக்கள் மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் கட்டியவர்கள். சபைச் சட்டத்துக்கு அது இரத்த உறவுத் தடை. மேலிடத்து விதிவிலக்கு இல்லாமல் மந்திரிக்க முடியாது. விதிவிலக்கு வாங்கினால் அதைப் பதிவில் எழுத வேண்டும். ஆக, வேறு நாட்டு ஏடுகளில் அரிதாகக் கிடைப்பது நம் ஏடுகளில் பல பக்கங்களில் கிடைக்கிறது: மணமக்கள் ஒருவருக்கொருவர் எத்தனையாவது படி உறவு என்பது. பழைய கணக்கில் ‘இரண்டாம் படி’ என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி பொது. ‘இரண்டாம் படி, முதலாம் படியைத் தொடுவது’ என்றால் தாய்மாமனும் அக்காள் மகளும். ‘மூன்றாம் படி’ என்றால் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி பொது. 1918 மே மாதம் புதிய சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வரும்வரை நான்காம் படிக்கும் விதிவிலக்கு தேவைப்பட்டது. அதன்பின் மூன்றோடு நின்றது. 1983 சட்டத்தொகுப்பு எண்ணும் முறையையே மாற்றிவிட்டது. பழைய ‘இரண்டாம் படி’ இன்றைய ஏட்டில் ‘நான்காம் படி’. அம்மா அப்பா காலத்துப் பதிவையும் கொள்ளுப்பாட்டி காலத்துப் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எங்கள் 1912 பதிவில் ‘கொன்சாங்வினிதாத்திஸ்’ (இரத்த உறவின்) என்ற சொல்லும் பக்கத்தில் இரண்டு என்ற எண்ணும் இருந்தன. இரண்டாம் படி. சபையின் கணக்கு இதோடு நின்றுவிடும். சித்தப்பா மகளா, மாமன் மகளா என்று அது பிரிப்பதில்லை. நம் முறை பிரிக்கிறது. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் சித்தி பெரியம்மா பிள்ளைகளும் அண்ணன் தங்கை, கட்ட முடியாது. ஆகவே மாமன் மகள், அல்லது அத்தை மகள். பெண்ணின் தகப்பன் பிறந்த ஊர் வேறு என்பதும், பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தகப்பனும் ஒரே ஊர் என்பதும் மற்ற பதிவுகளில் தெரிந்ததும், அவள் அத்தை மகள்தான் என்று தேறியது. பெயரே இல்லாத ‘பாரியாள்’ ஒருத்தியைத் தேடிப் போன இடத்தில், அந்த வீட்டிலேயே பிறந்து வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண்ணும் கிடைத்தாள். வம்சாவளி நோட்டில் அவளுடைய தகப்பனுக்கு ஆண்மக்கள் மட்டும்தான் எழுதியிருக்கிறது. அன்று எனக்கு வந்த கோபமும் மகிழ்ச்சியும் சொல்லி முடியாது.

விதிவிலக்கு கேட்டு ஆயருக்கு எழுதிய மனுவில் சில சமயம் உறவுமுறை மரம் வரைந்திருப்பார்கள், பொதுத் தாத்தாவிலிருந்து இரண்டு கோடு இறங்கி மணமக்களில் முடியும்படி. அது பங்கில் இருக்காது, ஆயர் இல்லத்து ஆவணக் காப்பில்தான் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் பாதுகாத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்கத் தவறாதீர்கள்.

கேட்கும் முறையும் முக்கியம். இந்த ஏடுகள் பொது ஆவணம் அல்ல. வெளியார் கைக்குப் போகாமல் காப்பது பங்குச்சாமியின் கடமை என்று சபைச் சட்டமே சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா நாளும் போகாதீர்கள். உங்கள் சொந்தப் பங்குச்சாமியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, தேடும் பெயர்கள், ஆண்டு, உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். “சாமி, 1912 ஜனவரி, பிப்ரவரி மட்டும் பார்க்கணும்” என்று சொல்பவருக்கு அலமாரி திறக்கும். “எங்க குடும்பம் பத்தி என்ன இருக்கு” என்று கேட்பவருக்கு யாரும் நேரம் ஒதுக்க முடியாது. ஒரு பங்கில் ஏட்டைக் காட்ட முடியாது என்றார்கள். நான் வற்புறுத்தவில்லை. சான்றிதழாக எழுதித் தரக் கேட்டேன், அதைத் தந்தார்கள். சான்றிதழில் ஓரக்குறிப்புகள் விட்டுப்போகும் என்பதால், ‘குறிப்புகள் உட்பட’ என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

ஏடு கையில் கிடைத்தால், கையை உலர்வாக வைத்துக்கொள்ளுங்கள். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. பழைய இரும்பு மை காகிதத்தையே தின்றிருக்கும், எழுத்து இருக்கும் இடத்திலேயே தாள் உடையும். கிழிசலை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள். படம் எடுக்க அனுமதி கேட்டுவிட்டு, வெளிச்சம் அடிக்காமல், உங்கள் பதிவை மட்டும் எடுங்கள். அதே பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரரின் செய்தியும் இருக்கும். பிறப்பு, இரண்டாம் மணம், பின்னால் சீராக்கப்பட்ட திருமணம் என்று அவர்கள் குடும்பத்திலேயே தெரியாதது இருக்கலாம். அதை ஊரில் பேசினால் அந்தப் பங்கின் அலமாரி அடுத்து வருகிறவருக்கும் மூடிவிடும். தொகுதி எண், பக்கம், வரிசை எண், ஏடு இருக்கும் பங்கின் பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏடு செல்லரித்துப் போயிருந்தால் இன்னொரு கதவு உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், கத்தோலிக்கக் குருக்கள் நடத்தும் திருமணங்களின் நகலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசுப் பதிவாளருக்குப் போக வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் பதிவுத்துறை வழியாக இதைக் கேட்கலாம். சீர்திருத்த சபைக் குடும்பத்தினர் தம் சபை எந்த மிஷனிலிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், தென்னிந்தியத் திருச்சபை 1947-இல்தான் உருவானது. மதராஸ் மாகாணத்தின் ஆங்கிலேயத் திருமணப் பதிவு நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன.

இப்போது நான் அந்த அத்தை மகளின் தாயைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அப்பத்தா பிறந்த வீட்டிலிருந்து வெளியூர் போன அந்தப் பெண்ணை. அவள் கல்யாணம் 1880-களில் நடந்திருக்க வேண்டும். 1908-க்கு முந்தியது என்பதால் ஓரக்குறிப்பை எதிர்பார்க்க முடியாது. மாப்பிள்ளை ஊரில் சேசு சபைக் கோயில், கோவா குருக்கள் கோயில் இரண்டும் இருந்திருக்கின்றன. முதல் கோயிலின் ஏட்டைப் பார்த்தாகிவிட்டது, அதில் அவர்கள் இல்லை. இரண்டாவதன் பழைய ஏடுகள் 1952-க்குப் பிறகு எந்த ஆயர் இல்லத்துக்குப் போயின என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.